மாறாத தோல் தடிப்பும் மாறுபட்ட இரத்த அறிக்கையும்

தோலில் எழுந்த தடிப்பு மாதக்கணக்கில் மறையாமல் நின்றால், "இரத்தம் கெட்டுவிட்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். அதன்பின் யாரேனும் ஒருவரின் யோசனைப்படி ஆய்வகத்தில் "முழு உடல் பரிசோதனை" செய்யப்படுகிறது. கைக்கு வரும் அறிக்கையில் நான்கைந்து எண்கள் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. பெரியவர் சொன்னதையே அறிக்கையும் உறுதிசெய்கிறது என்று குடும்பத்தினர் அஞ்சத் தொடங்குகின்றனர். ஒரு மருத்துவர் ஒவ்வாமை என்கிறார். மற்றொருவர் கவலைப்பட ஒன்றுமில்லை என்கிறார். மூன்றாமவர் களிம்பை மாற்றித் தருகிறார். நோய்க்குப் பெயர் மட்டும் கிடைப்பதில்லை.

இத்தகைய நிலையில் உள்ளோருக்காகவும் அவர்களை உடனிருந்து கவனிப்போருக்காகவும் இப்பாடம் எழுதப்படுகிறது. தோலில் தடிப்போ நிறமாற்றமோ தோன்றி ஆறு வாரங்களுக்கு மேலாகிவிட்டது. இரத்தப் பரிசோதனையில் சில அளவுகள் இயல்பிலிருந்து விலகியுள்ளன. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பது தெளிவாகவில்லை. இவ்விடத்தில் முதலில் மனத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தோலைப் பற்றிய நோய்களில் இரத்த அறிக்கை தனித்து நின்று நோயின் பெயரைச் சொல்வது அரிது. தோலின் தோற்றம், அது எழுந்து மறையும் காலம், உட்கொண்ட மருந்துகள், சிறுநீரின் நிலை ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கும்போதே அவ்வெண்கள் பொருள் தருகின்றன. இச்செய்திகளுட் பலவற்றை எந்த ஆய்வகமும் அளந்து தர இயலாது. அவை நோயாளியிடமும் அவர் வீட்டாரிடமுமே உள்ளன.

தடிப்பின் வகையும் வயதும்

எல்லாத் தடிப்புகளையும் "அலர்ஜி" என்ற ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கம் இப்போது பரவியுள்ளது. நம் பழைய சொற்கள் இதைவிடத் துல்லியமானவை என்பது என் எண்ணம். காணாக்கடி என்றால் திடீரென எழுந்து அரித்து அடங்கும் தடிப்பு. கரப்பான் என்றால் நீர் கசிந்து, செதிலாகித் தடித்துப்போகும் தோல். படர்தாமரை என்றால் வட்டமாக விரியும் பூஞ்சைத் தொற்று. தேமல் என்றால் நிறம் வெளுத்த திட்டு. மருத்துவரிடம் செல்லும்போது "அலர்ஜி" என்று மட்டும் கூறி நிறுத்தாமல், கண்ணால் கண்டதை இவ்வாறு பிரித்துச் சொல்வது பெரிதும் உதவும்.

காணாக்கடியையே எடுத்துக்கொள்வோம். புதிதாக எழுந்த ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரணக் காணாக்கடியில் ஒவ்வொரு தனித் தடிப்பும் 24 மணி நேரத்துக்குள் சுவடின்றி மறைந்து, வேறோர் இடத்தில் புதியது எழும். கோட்டுக்குள் அதே தடிப்பு 24 மணி நேரத்தைக் கடந்தும் நின்றாலோ, அரிப்பைவிட எரிச்சலும் வலியும் மிகுந்தாலோ, அடங்கிய இடத்தில் கன்றியது போன்ற கறை எஞ்சினாலோ, தோலின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் அழற்சி இருக்கக்கூடும். அவ்வாறாயின் தேடும் வழியே வேறாகிவிடும். பேனாக் கோடு ஒன்றினால் கிடைக்கும் இச்செய்தியை விலையுயர்ந்த ஒவ்வாமைப் பரிசோதனைகள் பல தரமாட்டா. ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் காணாக்கடி உள்ளோரில் பெரும்பாலானவர்களுக்கு வெளிப்பொருள் எதுவும் காரணமாக இருப்பதில்லை. ஆகவே நூறு உணவுப்பொருள்களுக்கு ஒவ்வாமை பார்த்து, பட்டியல் போட்டுக் கத்திரிக்காயையும் கருவாட்டையும் ஒதுக்கி வைப்பதால் அவர்களுள் பெரும்பாலோருக்குப் பயன் விளைவதில்லை.

கால்களில் சிவந்த அல்லது கருஞ்சிவப்பான புள்ளிகள் காணப்பட்டால், கண்ணாடிக் குவளையின் அடிப்பகுதியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது நிறம் மறைந்தால் அது இரத்தக்குழாய் விரிவதால் வந்த சிவப்பு. மறையாவிட்டால் தோலுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். தட்டணுக்கள் குறைந்தாலும் இரத்தக்குழாய் அழற்சி இருந்தாலும் இவ்வாறு நேரும். காய்ச்சலுடன் இப்புள்ளிகள் தோன்றினால் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும்.

இடமும் ஒரு சான்று. வெயில் படும் முகம், கழுத்தின் முன்புறம், முன்கைகள் ஆகியவற்றில் மட்டும் தடிப்பு எழுந்தால், வெயிலால் தூண்டப்படும் நோய்களை எண்ணிப்பார்க்க வேண்டும். லூபஸ் நோயில் இரு கன்னங்களிலும் மூக்குத்தண்டின் மீதும் வண்ணத்துப்பூச்சி விரிந்தாற்போல் செம்மை படரும். மூக்கின் ஓரத்திலிருந்து உதட்டு முனைக்குச் செல்லும் மடிப்பில் மட்டும் அது பெரும்பாலும் படிவதில்லை. விரல் மூட்டுகளின் மேற்புறத்தில் தடித்த திட்டுகளும், கண்ணிமைகளில் ஊதா நிறமும் தோன்றி, தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ இயலாமலும் தலைவாரக் கை தூக்க முடியாமலும் போனால், தோலோடு தசையையும் பற்றும் டெர்மட்டோமயோசைட்டிஸ் என்னும் நோயை ஐயுற வேண்டும். சிலருக்கு இந்நோய் உடலுக்குள் மறைந்துள்ள புற்றுநோயின் முன்னறிவிப்பாகவும் அமைவதால், இதில் காலதாமதம் கூடாது.

மாநிறத்தோரின், கருநிறத்தோரின் தோலில் "செம்மை" சிவப்பாகத் தெரிவதில்லை. அது பழுப்பாக, ஊதாவாக, சில வேளைகளில் கரும்படலமாகத் தோன்றும். மருத்துவ நூல்களின் படங்களிற் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. அப்படத்தைப் போல் நம் முகம் சிவக்கவில்லை என்பதால் நோயில்லை என்று முடிவு கட்டிவிடலாகாது.

மருத்துவரைக் காணும் நாளன்று தடிப்பு மறைந்திருப்பது மிக இயல்பாக நடக்கும் ஒன்று. எனவே தோன்றும்போதே கைப்பேசியில் படமெடுத்துவிடுங்கள்: பகல் வெளிச்சத்தில், சன்னலோரத்தில், அருகில் ஒரு ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைத்து. தொலைவிலிருந்து ஒன்றும் அருகிலிருந்து ஒன்றும் போதும். வரும் நாளில் மஞ்சள், பவுடர், எண்ணெய், களிம்பு எதையும் அவ்விடத்தில் பூச வேண்டாம். முதுகு, தலைத்தோல், வாயின் உட்புறம், நகங்கள் ஆகியவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும். ஆடை விலக்கத் தயங்கும் பெண்கள் பெண் மருத்துவரையோ, உடன் ஒரு செவிலியரையோ கேட்டுப் பெறலாம். அது அவர்களின் உரிமை.

தடித்த எழுத்தில் உள்ள எண்கள்

ஆய்வக அறிக்கையில் ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் "இயல்பு அளவு" என்று இரு எல்லைகள் தரப்பட்டிருக்கும். நலமாக உள்ள மனிதர்கள் பலரின் இரத்தத்தைச் சோதித்து, அவர்களுள் 95 விழுக்காட்டினரின் அளவுகள் எந்த எல்லைக்குள் அடங்குகின்றனவோ அதையே இயல்பு என்று வகுப்பது பொதுவான முறை. அப்படியானால் முழு நலத்தோடு இருப்போரிலும் இருபதில் ஒருவரின் அளவு அவ்வெல்லைக்கு வெளியே நிற்கும். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை ஒரே நாளில் செய்தால், நலமான ஒருவருக்கே குறைந்தது ஓர் எண்ணாவது தடித்த எழுத்தில் வருவதற்கு ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அறுபது, எழுபது சோதனைகளைச் சலுகை விலையில் கட்டிக் கொடுக்கும் தொகுப்புகளில் எல்லாமே இயல்பாக வருவதுதான் வியப்பு. ஆகவே எண் எல்லையைக் கடந்ததா என்பதைவிட, எவ்வளவு கடந்தது, மீண்டும் பார்த்தபோதும் அங்கேயே நிற்கிறதா, தோலில் காண்பதோடு பொருந்துகிறதா என்பனவே வினாக்கள்.

ஈ.எஸ்.ஆர். என்னும் இரத்தச் சிவப்பணு படிவு வேகம் வயதோடு உயரும். பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்று மிகுதியாக இருக்கும். இரத்தச்சோகையிலும் கருவுற்ற காலத்திலும் கூடும். ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி அதில் பாதி என்பது மருத்துவர்கள் மனத்தில் வைத்திருக்கும் எளிய மேல்வரம்பு. இதன்படி 60 வயதுப் பெண்மணிக்கு 35 என்பது அச்சுறுத்தும் எண்ணாகாது.

ஈசினோபில் என்னும் வெள்ளையணு சற்று விரிவாகப் பேசத்தக்கது. விழுக்காட்டை விட்டு, மொத்த எண்ணிக்கையைப் பாருங்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 500-க்கு மேற்பட்டால் மிகுதி. 1,500-ஐக் கடந்து தொடர்ந்து நின்றால் இதயம், நுரையீரல் முதலிய உறுப்புகளையும் சோதிக்க வேண்டும். ஆஸ்துமா, கரப்பான், மருந்து ஒவ்வாமை, குடற்புழு எனக் காரணங்கள் பல. குடற்புழுக்களில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற ஒருவகை உண்டு. ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்போரின் தோல்வழியே நுழைந்து, பல்லாண்டுகள் ஓசையின்றிக் குடலில் வாழும். அவ்வப்போது தோலில் நெளிந்தோடும் அரிப்புக் கோடுகளை எழுப்பும். இதை அறியாமல் தோல் அரிப்புக்கென நாள்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், புழுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி உயிருக்கே ஊறு நேரலாம். வயல்வேலை, தோட்டவேலை செய்பவர்கள் அதை மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. மலப்பரிசோதனையை ஏளனமாக எண்ணித் தவிர்த்துவிடாதீர்கள்.

வி.டி.ஆர்.எல். என்பது மேகநோயைக் கண்டறியும் தொடக்கச் சோதனை. தடிப்புகளோடு வருபவர்களுக்கு இதுவும், மஞ்சள்காமாலை வைரஸ்களுக்கான சோதனையும், எச்.ஐ.வி. சோதனையும் வழக்கமாக எழுதப்படுவனவே. எவர்மீதும் ஐயங்கொண்டு எழுதப்படுவன அல்ல. லூபஸ் நோயிலும் தொழுநோயிலும் மேகநோய் இல்லாமலேயே வி.டி.ஆர்.எல். நேர்மறையாக வரக்கூடும். டி.பி.எச்.ஏ. போன்ற உறுதிச் சோதனை முடியும்வரை அத்தாளை வைத்துக்கொண்டு கணவன் மனைவிக்குள் வழக்காடுவது வேண்டாதது.

ஏ.என்.ஏ. நேர்மறை என்றால்

கவலையோடு வருவோர் கையில் இக்காலத்தில் மிகுதியாகக் காணப்படுவது இந்த ஒரு வரிதான். உடலின் எதிர்ப்பொருள்கள் தன் உயிரணுக்களின் உட்கருவையே பகையாகக் கருதுகின்றனவா என்று பார்ப்பது ஏ.என்.ஏ. சோதனை. 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஞ்சையில் விந்தையான ஓர் உயிரணுவைக் கண்டறிந்து எல்.ஈ. உயிரணு என்று பெயரிட்டனர். அந்தத் தேடலின் வழியே பின்னாளில் வளர்ந்த சோதனை இது.

இரத்தநீரைப் படிப்படியாக நீர்க்கச்செய்து, எந்த அளவுவரை எதிர்ப்பொருள் தென்படுகிறது என்பதை 1:40, 1:80, 1:160 என்று குறிப்பர். இரண்டாம் எண் பெரிதாகப் பெரிதாக எதிர்ப்பொருள் மிகுதி என்று பொருள். நலமாக உள்ளோரை வைத்துப் பன்னாட்டு ஆய்வகங்கள் 1997-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், 1:40 அளவில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினருக்கும், 1:80-இல் 13 விழுக்காட்டினருக்கும், 1:160-இல் 5 விழுக்காட்டினருக்கும், 1:320-இல் 3 விழுக்காட்டினருக்கும் இச்சோதனை நேர்மறையாக இருந்தது. அதாவது, நோயற்ற மூவரில் ஒருவருக்கு மிகக் குறைந்த அளவில் ஏ.என்.ஏ. இருக்கலாம். ஆகையால் அறிக்கையில் "நேர்மறை" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்த அளவில், எந்த வடிவில் என்பதும் வேண்டும்.

இதன் மறுபக்கமும் முக்கியமானது. ஐரோப்பிய, அமெரிக்க முடக்குவாத மருத்துவக் கழகங்கள் 2019-இல் வகுத்த லூபஸ் அளவுகோலில் 1:80 அல்லது அதற்கு மேற்பட்ட ஏ.என்.ஏ. என்பது நுழைவாயில் மட்டுமே. அதைக் கடந்தபின் தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்த அணுக்கள், குறிப்பிட்ட எதிர்ப்பொருள்கள் ஆகியவற்றுக்கெல்லாம் தனித்தனி மதிப்பெண் தந்து, அவை 10-ஐ எட்டினால்தான் லூபஸ் என வகைப்படுத்துகின்றனர். வாயிற்படியில் நிற்பதும் வீட்டுக்குள் இருப்பதும் ஒன்றாகுமா?

ஓர் அறிக்கை, இரு மனிதர்கள்

விளக்கத்துக்காக இருவரை எண்ணிக்கொள்வோம். இருவருக்கும் காய்ச்சல் வந்து வந்து போகிறது, மூட்டுகள் வலிக்கின்றன, தோலில் தடிப்பு, ஈ.எஸ்.ஆர். 80, இரத்தச்சோகை, ஏ.என்.ஏ. 1:160.

முதலாமவர் இருபத்தெட்டு வயதுப் பெண். வயலில் நின்றால் முகம் எரிகிறது, கன்னங்களில் தடிப்பு எழுகிறது. முடி கொத்தாக உதிர்கிறது. வாயின் மேலண்ணத்தில் வலியில்லாத புண். வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குறைந்துள்ளன. சிறுநீரில் புரதம். இவருக்கு டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருளும், சி3, சி4 என்னும் நிரப்புப் புரதங்களும் பார்க்கப்பட வேண்டும், பெரும்பாலும் லூபஸ்.

இரண்டாமவர் நாற்பது வயது ஆண். கைகால்களிலும் முகத்திலும் தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சுகள் கூட்டமாக எழுகின்றன. காதுமடல்கள் தடித்திருக்கின்றன. நடக்கும்போது செருப்பு கழன்றுபோனது தெரியாமல் சில அடிகள் சென்றதாக மனைவி சொல்கிறார். அடுப்புச் சூடு பட்டு விரலில் கொப்புளம் எழுந்ததும் அவருக்குத் தெரியவில்லை. முழங்கையின் உட்புறம் ஓடும் நரம்பு கயிறுபோல் தடித்துள்ளது. இது தொழுநோயில் எழும் எதிர்வினை. தோலைக் கீறி எடுக்கும் பூச்சிலும் திசு ஆய்விலும் கிருமியைக் காணலாம்.

இருவருக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் சில நாள்களில் காய்ச்சலும் வலியும் தணியும். அதனால்தான் இரண்டாமவர் லூபஸ் என்றே பல மாதங்கள் சிகிச்சை பெறும் நிலை ஏற்படுகிறது. அதற்குள் கையின் நரம்பு செயலிழந்து விரல்கள் மடங்கிப்போகலாம். மருந்தால் குணம் தெரிந்தது என்பது நோயின் பெயர் சரி என்பதற்குச் சான்றாகாது. இவ்விருவரையும் பிரித்துக் காட்டியது எந்த எண்ணும் இல்லை. வயலில் முகம் எரிந்த செய்தியும், கழன்ற செருப்பைப் பற்றி மனைவி சொன்ன ஒரு வாக்கியமும்தான். தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றிக் கிடைக்கிறது. சிகிச்சை தொடங்கிய சில நாள்களிலேயே அவரால் பிறருக்குத் தொற்றும் தன்மையும் நீங்கிவிடும். அச்சொல்லைக் கேட்க அஞ்சி உணர்ச்சியற்ற திட்டை மறைப்பவர்கள் இன்றும் உள்ளனர் என்பதால் இதைக் கூறுகிறோம்.

சிறுநீர்: மலிவான, மறக்கப்படும் சோதனை

நீடித்த தடிப்போடு வருபவரின் கோப்பில் ஐயாயிரம் ரூபாய்க்கான இரத்தச் சோதனைகள் இருக்கும்; ஒரு சிறுநீர்ச் சோதனை இராது. லூபஸ் நோயிலும் இரத்தக்குழாய் அழற்சியிலும் சிறுநீரகம் வலியின்றியே பழுதடையும். காலில் வீக்கம் தெரியும்போது பெருஞ்சேதம் நேர்ந்திருக்கலாம். கிரியாட்டினின் இயல்பாக இருக்கும் கட்டத்திலேயே சிறுநீரில் புரதமும் சிவப்பணுக்களும் தோன்றிவிடும். அப்போதே கண்டுபிடித்தால் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள் உள்ளன. எனவே காரணம் தெரியாத தடிப்புடையோர் தம் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பார்க்கச் சொல்லி மருத்துவரைத் தாமே கேட்கலாம். சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்பதைக் கண்டால் அதையும் சொல்லுங்கள்.

மருந்துப் பையை முழுதாகக் கொண்டு வருக

மருந்துச் சீட்டை மட்டும் கொண்டு வருவது போதாது. வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள், களிம்புக் குழாய்கள், நாட்டு மருந்துப் பொட்டலங்கள், சத்து மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றும் தொடங்கிய நாளையும் நினைவுபடுத்தி எழுதுங்கள்.

வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமாசெபின், யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினால், சல்ஃபா வகை மருந்துகள், டாப்சோன் ஆகியவை சிலருக்கு இரண்டு முதல் எட்டு வாரங்கள் கழித்துக் கடும் எதிர்வினையை உண்டாக்கும். உடலெங்கும் தடிப்பு, காய்ச்சல், முகவீக்கம், நெறிகட்டுதல், இரத்தத்தில் ஈசினோபில் மிகுதி, கல்லீரல் நொதிகள் உயர்வு எனத் தொடரும் இந்நிலை உயிருக்கு ஆபத்தானது. "இந்த மாத்திரையை ஒரு மாதமாகப் போடுகிறார், அதனால் அது காரணமாக இராது" என்று குடும்பத்தினர் எண்ணுவதுதான் இங்கே தடை. கால இடைவெளியே அதன் அடையாளம். வாயிலும் கண்ணிலும் புண், தோல் கொப்புளித்து உரிதல், முகவீக்கத்தோடு காய்ச்சல் ஆகிய எதுவாயினும் அன்றே அவசரப் பிரிவுக்கு வரவேண்டும்.

கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றையும் ஒரே குழாயில் கலந்த களிம்புகளைப் படர்தாமரைக்குப் பூசினால் அரிப்பு இரண்டு நாளில் அடங்கும். பூஞ்சையோ அடியில் பரவும். வட்ட விளிம்பு அழிந்து, அது எந்த நோய் என்று எவரும் சொல்ல இயலாத தோற்றம் பெறும். இந்தியாவில் 2018 முதல் ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவை. வெளுப்பாக்கும் என்று கூறி விற்கப்படும் சில முகக்களிம்புகளில் பாதரசம் கலந்திருந்து, அது தோல்வழியே உட்புகுந்து சிறுநீரில் புரதம் வடியச் செய்ததும் மருத்துவ உலகில் பதிவாகியுள்ளது. நாட்டு மருந்து உண்டால் அதையும் மறைக்க வேண்டாம், கடிந்துகொள்வதற்காகக் கேட்கப்படுவதில்லை.

முடிக்கும் தோலுக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் மாத்திரை தைராய்டு முதலிய சில சோதனைகளின் முடிவைப் பொய்யாக ஏற்றியோ இறக்கியோ காட்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் இதுபற்றி எச்சரித்தது. இரத்தம் கொடுக்கும் முன் அதை உட்கொள்வதைத் தெரிவியுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும், "மருத்துவர் நோயைத் தெளிவாகப் பார்க்கட்டும்" என்று தாமாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் உண்டவர் அவ்வாறு நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கமுறலாம்.

தோல் பயாப்ஸி

பயாப்ஸி என்ற சொல்லைக் கேட்டதும் புற்றுநோய் என்று அஞ்சுகின்றனர். தோலில் அது மரத்துப்போகும் ஊசி போட்டு, பேனா முனையளவு, ஏறத்தாழ 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துணுக்கை எடுப்பதே. ஒன்றிரண்டு தையல்கள் போதும். அன்றே வீடு திரும்பலாம். இரத்தக்குழாய் அழற்சி, லூபஸ், தொழுநோய், தோலில் தோன்றும் லிம்போமா என இரத்தத்தில் பிரித்தறிய இயலாதவற்றை இச்சிறு துணுக்கு பல வேளைகளில் பிரித்துக் காட்டிவிடுகிறது.

இதில் நோயாளி அறிந்திருக்க வேண்டியவை சில. புதிதாக எழுந்த தடிப்பிலிருந்து எடுத்தால்தான் இரத்தக்குழாய் அழற்சி தெளிவாகத் தெரியும்; ஆகவே "புதிதாக வந்தவுடன் வாருங்கள்" என்று மருத்துவர் சொன்னால், மறுவாரம் என்று தள்ளாதீர்கள். சில வேளைகளில் இரண்டு துணுக்குகள் எடுக்கப்படும். ஒன்று ஃபார்மலினில் இடப்படும். மற்றொன்று ஒளிர்நிறச் சோதனைக்காகத் தனித் திரவத்தில் வைக்கப்படும், ஃபார்மலினில் இட்டால் அச்சோதனைக்கு உதவாது. குடும்பத்தினர் துணுக்கை வேறு ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால் எந்தப் புட்டி எதற்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். முதல் பயாப்ஸியில் "குறிப்பற்ற அழற்சி" என்று வந்தால் ஏமாற்றமடைய வேண்டியதில்லை. ஆடை மறைக்கும் இடங்களில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் செதில் திட்டுகளில், தோல் லிம்போமாவை உறுதிசெய்யச் சில ஆண்டுகளில் பலமுறை பயாப்ஸி எடுக்க நேர்வதுண்டு.

பெயர் கிடைக்காத காலம்

இவை யாவும் செய்த பிறகும் சிலருக்குப் பெயர் கிடைப்பதில்லை. தோலில் சிறு தடிப்பு, மூட்டில் சற்று வலி, ஏ.என்.ஏ. 1:320, எந்த அளவுகோலுக்குள்ளும் முழுமையாக அடங்காத நிலை. இதனை வகைப்படுத்தப்படாத இணைப்புத்திசு நோய் என்பர். மருத்துவர் கைவிட்டதன் அடையாளமாக இதைக் கொள்ளவேண்டாம். இவ்வாறு உள்ளோரில் ஒரு பகுதியினருக்குச் சில ஆண்டுகளில் லூபஸ் போன்ற தெளிவான நோய் வெளிப்படும். பலர் அதே நிலையில் தொடர்வர். சிலருக்கு அறிகுறிகள் தாமாகவே நீங்கிவிடும். எவர் எவ்வழிச் செல்வார் என்பதைக் காலமே காட்டும் என்பதால், கண்காணிப்பே அப்போதைய சிகிச்சை.

மருத்துவமனை மாற்றி மருத்துவமனை செல்லும்போது ஒவ்வோரிடத்திலும் தேடல் முதலிலிருந்து தொடங்குகிறது. ஆறு மாத மாற்றத்தைக் கண்ணாற் கண்டவர் எவரும் இருப்பதில்லை. இரண்டாம் கருத்துக் கேட்பது தவறாகாது. கேட்டபின் ஒருவரிடம் நிலைத்திருப்பது நலம். தோல்நோய் மருத்துவரும் முடக்குவாத மருத்துவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கும்படி ஒரே கோப்பில் நாள் வரிசைப்படி தாள்களை அடுக்குங்கள். பழைய அறிக்கையைத் தூக்கி எறிய வேண்டாம். மூன்றாண்டுக்கு முன் தட்டணு எத்தனை என்பது இன்றைய எண்ணைவிட மிகுதியாகப் பேசக்கூடும். மறுபுறம், இயல்பாகிவிட்டதா என்று காண வாரந்தோறும் ஏ.என்.ஏ. பார்ப்பதில் பயனில்லை, அது நோயின் ஏற்ற இறக்கத்தோடு கூடிக் குறைவதில்லை. சிறுநீர், இரத்த அழுத்தம், இரத்த அணுக்கள் ஆகியவையே திரும்பத் திரும்பப் பார்க்கத்தக்கவை. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதை மருத்துவரிடம் கேட்டுக் கோப்பின் மேலட்டையில் எழுதி வையுங்கள்.

கருத்தரிக்க எண்ணும் பெண்கள் அதற்கு முன்பே இக்கோப்போடு வரவேண்டும். ஆன்டி-ரோ என்னும் எதிர்ப்பொருள் தாயின் இரத்தத்தில் இருந்தால், தாய்க்கு எந்த அறிகுறியும் இல்லாதபோதும், நூற்றில் ஒன்று அல்லது இரண்டு கருக்களுக்கு இதயத் துடிப்பு தடைப்படும் கோளாறு நேரலாம். முன்கூட்டியே தெரிந்தால் கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் கருவின் இதயத்தை எக்கோ மூலம் கவனித்துவர முடியும். ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை தருவது குறித்தும் மருத்துவர் முடிவெடுப்பார். அம்மாத்திரை தொடங்கியவர்கள் முதலாண்டுக்குள் ஒருமுறை கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஐந்தாண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் காட்டவேண்டும்.